ஓட்டுக் கூரை: கட்டுவதற்கு முன்னும் ஒழுகிய பின்னும் கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் பாட்டனார் வீட்டின் கூரையைப் பிரித்து மறுபடி மேய்ந்த நாளிலிருந்து, தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஓடு பற்றி என்னிடம் கேட்கிறார்கள். நான் பொறியாளன் இல்லை. ஒரு கூரையில் செய்யக்கூடிய தவறுகளில் பாதியைச் செய்து, பணம் கட்டிக் கற்றவன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

நாட்டு ஓடு, சீமை ஓடு என்கிறார்களே, என்ன வேறுபாடு?

நாட்டு ஓடு குயவர் கையால் பிறப்பது. மேலே சற்றுக் குறுகிய உருளையாகச் சக்கரத்தில் வனைந்து, ஈரம் பாதி வற்றியதும் நெடுக்கில் கீறிவிடுவார்கள். நன்றாகக் காய்ந்த பின் இரண்டாகப் பிளந்து சூளையில் அடுக்குவார்கள். கூரையில் ஒரு வரிசை மல்லாந்தும் அடுத்த வரிசை அதன் விளிம்புகளை மூடிக் கவிழ்ந்தும் கிடக்கும். மல்லாந்தது வாய்க்கால், கவிழ்ந்தது மூடி, அவ்வளவுதான் தொழில்நுட்பம். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தை நோக்கி இறங்கும் கூரைகளைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணில் நிற்கும்.

சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்வது. தட்டையாக இருக்கும். ஓரங்களில் பள்ளமும் மேடும் வைத்து, ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் பூட்டிக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். அடிப்பக்கத்தில் மூக்குப்போல ஒரு புடைப்பு உண்டு. அது ரீப்பரில், அதாவது ஓட்டைத் தாங்கக் குறுக்கே அடிக்கும் பட்டைச் சட்டத்தில், மாட்டி நிற்பதால் ஓடு சறுக்கி இறங்குவதில்லை. ஏறத்தாழ 41 செ.மீ. நீளம், 23½ செ.மீ. அகலம், இரண்டரை கிலோ எடை. இன்று கடையில் போய் 'ஓடு' என்று பொதுவாகக் கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள். கீழே நான் ஓடு என்று மட்டும் எழுதியிருந்தால் இதைத்தான் குறிக்கிறேன்.

ஓடு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததுதானே?

பூட்டுப் பள்ளம் உள்ள ஓடு மட்டும்தான். பிரான்சின் அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்தோனி சகோதரர்கள் 1841-இல் அந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். பேசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து மதப்பணிச் சபை 1865-இல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர். மதம் மாறி, சாதித் தொழிலையும் சொந்தபந்தத்தையும் இழந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத் தொடங்கிய பட்டறைகளில் இதுவும் ஒன்று. நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண் கைகொடுத்தது; கடல்வழி வாணிகம் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேற்குக் கடற்கரையில் கோழிக்கோடு, திருச்சூர் வரை தொழிற்சாலைகள் எழுந்தன.

ஓட்டுக் கூரை நமக்குப் புதிது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கீழடியில் தோண்டியபோது கூரை ஓடுகள் கிடைத்தன. சுடுவதற்கு முன் ஈரக் களிமண்ணில் விரலால் இழுத்த வரிப்பள்ளங்கள் அவற்றில் இருக்கின்றன. சிலவற்றில் மரத்தோடு பிணைப்பதற்கான துளைகளும் இருக்கின்றன. அந்த விரல் தடத்தைப் பார்த்தால் மழைநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யோசித்த ஓர் ஆள் தெரிவார்.

ஓட்டு வீடு உண்மையிலேயே குளிர்ச்சியா, அல்லது பழம்பெருமையா?

இரண்டும் கொஞ்சம். சித்திரை மாதம் நண்பகலில் ஓட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். தாழ்வான கூரைக்குக் கீழே அந்த நேரத்தில் படுத்தால் முகத்தில் அனல் அடிக்கும். இதை மறைத்து 'இயற்கைக் குளிர்சாதனம்' என்று எழுதுகிறவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஓட்டு வீட்டில் இருந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் ஓடு மெலிதானது. வாங்கிய சூட்டை அந்தி சாய்ந்ததும் விட்டுவிடும். கான்கிரீட் தளம் பகல் முழுவதும் சூட்டைக் குடித்துவிட்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே இறக்கும். எட்டு மணிக்கு மேல் இரண்டு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். இரண்டாவது, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இடுக்கு இருக்கிறது. மேலே ஏறிய வெப்பக்காற்று அதன் வழியே வெளியேறும். முகடு எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. மூன்றாவது, சுட்ட மண் தண்ணீர் குடிக்கும். ஒரு மழை பெய்து விட்டால், குடித்த ஈரம் ஆவியாகும் வரை கூரை குளிர்ந்தே இருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் இதே காரணம்தான்.

பகல் சூட்டையும் குறைக்க வேண்டுமானால் இரண்டடுக்காகப் போடுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மேல் ஓட்டுக்குக் கீழே, சீலிங் ஓடு என்று பூவேலை போட்ட மெலிந்த ஓட்டைப் பரப்புவது வழக்கம். நடுவில் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. செலவு கூடும், நான் படுக்கையறைக்கு மட்டும் செய்தேன்.

சரிவு எவ்வளவு இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஓட்டுக் கூரை கான்கிரீட்டைப் போல் நீரை அடைத்து நிறுத்துவதில்லை. நீர் நின்று யோசிப்பதற்குள் கீழே இறக்கிவிடுகிறது. மேல் ஓடு கீழ் ஓட்டின்மீது மூன்று அங்குலம் ஏறிக் கிடக்கும். சரிவு போதவில்லை என்றால் நீர் மெல்ல ஊரும். எதிர்க்காற்று அடித்தால் அந்த மூன்று அங்குலத்தையும் பின்னோக்கி ஏறி உள்ளே சொட்டும். ஓட்டில் ஒரு கீறல்கூட இருக்காது, ஆனாலும் ஒழுகும்.

எங்கள் சமையலறைக்கு இது நடந்தது. பழைய வீட்டின் கூரை முடியும் இடத்திலிருந்து தொடர்ந்து இறக்கி ஒரு சாய்ப்பு எடுத்தோம். சரியான சரிவில் இறக்கினால் வாசல் தலையில் இடிக்கும் என்று வேலையை எடுத்தவர் சரிவைத் தளர்த்திவிட்டார். ஏறத்தாழ 15 டிகிரிதான் இருந்தது. நானும் தலை இடிக்காததைப் பார்த்து மகிழ்ந்தேன். ஐப்பசியில் அடுப்பின்மீது குடை பிடிக்காத குறை. ஓட்டை மாற்றினோம், இடுக்கில் சிமென்ட் பூசினோம், தார்ப்பாய் விரித்தோம். கடைசியில் சுவரைத் தோண்டித் தரையை ஓரடி இறக்கி, கைமரங்களை (முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்து இறங்கும் மரங்களை) கழற்றி, சரிவைக் கூட்டிப் போட்ட பிறகுதான் நின்றது. முதலிலேயே செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு செலவு.

கணக்கு எளிது. சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழ்ப் புள்ளிவரை கிடைமட்டமாக 12 அடி என்றால், முகடு குறைந்தது 6 அடி உயர வேண்டும். அது 26 டிகிரிக்குச் சற்று மேல். நான் 7 அடி வைக்கச் சொல்வேன், 30 டிகிரி வரும். 45 டிகிரியைத் தாண்டினால் ஓட்டைக் கட்டாமல் விட முடியாது. நாட்டு ஓட்டுக்கு மூக்கு கிடையாது என்பதால் மிகவும் சரித்தால் வழுக்கி இறங்கும். அதற்கும் 30 டிகிரியை ஒட்டியே இருங்கள்.

என் வீட்டுக்கு எத்தனை ஓடு வேண்டும்?

100 சதுர அடிச் சரிவுப் பரப்புக்கு 150 ஓடு என்பது ஆசாரிகள் வாயில் இருக்கும் கணக்கு. சரியான கணக்குத்தான். தவறு நடப்பது 'சரிவுப் பரப்பு' என்ற சொல்லை விட்டுவிட்டுத் தரைப் பரப்பைப் பெருக்குவதில்.

20 அடிக்கு 30 அடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் இரண்டடி இறவாணம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு) நீட்டினால் 24-க்கு 34, அதாவது 816 சதுர அடி. 30 டிகிரிச் சரிவு என்றால் இதை 0.866-ஆல் வகுக்க வேண்டும், 942 வரும். ஒன்றரையால் பெருக்கினால் 1,413 ஓடு. லாரியில் உடைவது, ஓரத்துக்கு அறுப்பது, பின்னாளில் மாற்றுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,550 வாங்குங்கள். மிச்சத்தைச் சுவரோரம் நிற்கவைத்து அடுக்குங்கள், படுக்கவைக்காதீர்கள். பத்து ஆண்டு கழித்து அதே அச்சு கிடைக்காது. ஒரு தொழிற்சாலையின் பள்ளம் மற்றொன்றின் மேட்டோடு பூட்டாது என்பதை அப்போதுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

முகட்டு ஓடு தனி. ஒன்று ஓரடிக்குச் சற்று மேல் மூடும். 34 அடி முகட்டுக்கு 30 போதும்.

சுவர் தாங்குமா?

மேற்சொன்ன கூரையில் ஓடு மட்டும் மூன்றரை டன். நனைந்தால் இன்னும் அரை டன் சேரும். கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் ஓடு, ரீப்பர் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ. நாலு அங்குலக் கான்கிரீட் தளம் 250 கிலோ. செங்கல் சுவர் சரியாக இருந்தால் ஓட்டுக்குக் கவலை இல்லை. கூரை மேயும்போது மட்டும் இரு சரிவிலும் சமமாக ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் கூரையைத் தாங்கும் சட்டம் சாய்ந்து நிற்கும்.

கடையில் நல்ல ஓட்டை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் காதால். ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள். வெந்த ஓடு கணீர் என்று ஒலிக்கும். வேகாததும் விரிசல் விட்டதும் 'பொத்' என்று ஒலிக்கும். பானை வாங்கத் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் இது தெரியும்.

நிறத்தை நம்பாதீர்கள். செந்நிறம் மண்ணில் உள்ள இரும்பிலிருந்து வருவது. வெந்ததற்கு அது மட்டும் சான்று ஆகாது. இப்போது செங்காவிச் சாயத்தில் முக்கி எடுத்து விற்பதும் உண்டு. உடைந்த ஓட்டை எடுத்து அதன் வாயைப் பாருங்கள்: உள்ளே வரை ஒரே நிறமாக, நொய்மணலாக உதிராமல் இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் விலகுங்கள். அது மண்ணில் கலந்திருந்த சுண்ணாம்புத் துகள். சூளையில் வெந்து, பின்னர் மழை ஈரம் பட்டதும் பூத்து வீங்கி, ஓட்டைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும்.

பிறகு தராசு. இரண்டு ஓட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, உலர்ந்த எடையைக் குறித்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். இரண்டரை கிலோ ஓடு மூன்று கிலோவைத் தாண்டினால் அது பஞ்சு, எனக்கு வேண்டாம். மங்களூர் ஓட்டுக்கென்று ஐஎஸ் 654 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. தண்ணீர் குடிக்கும் அளவும் முறிக்கும் எடையும் அதில் வரையறுத்திருக்கிறார்கள். பில்லில் அந்த எண்ணை எழுதித் தரச் சொன்னால் கடைக்காரரின் முகத்திலேயே பாதி விடை கிடைக்கும்.

கடைசியாக, பத்து ஓட்டைத் தரையில் பூட்டி அடுக்கிப் பாருங்கள். முறுக்கிய ஓடு ஆடும். ஆடும் ஓட்டின் இடுக்கில் காற்றோடு மழையும் வரும்.

சட்டம் மரத்தில் போடுவதா, இரும்பிலா?

ஓட்டுக் கூரையில் முதலில் சாவது ஓடு அல்ல, மரம். எண்பது ஆண்டு ஓட்டை இறக்கி மறுபடி ஏற்றிவிடலாம். கறையான் தின்ற கைமரத்தை எதுவும் செய்ய முடியாது. எங்கள் வீட்டில் இருந்தவை பனங்கைகள், அதாவது பனையில் அறுத்த கைமரங்கள். வயிரம் பாய்ந்த முதிர்ந்த பனை. ஆசாரி உளி வைத்தபோது உளி திரும்பியது. அவற்றில் சுவருக்குள் புதைந்திருந்த நுனிகள் மட்டும்தான் உளுத்திருந்தன. அதை அறுத்துவிட்டுக் குட்டையான சாய்ப்புக்குப் பயன்படுத்திக்கொண்டோம். இன்று அந்தத் தரத்தில் பனை கிடைப்பது அரிது. கிடைப்பதில் பெரும்பகுதி இளமரம். இரண்டே ஆண்டில் மாவாகக் கொட்டும்.

தேக்கு வாங்க வசதி இருந்தால் கேள்வியே இல்லை. இல்லாதவர்களுக்கு நான் இரும்புச் சதுரக் குழாயையே சொல்வேன், மனம் ஒப்பாமல்தான். பற்றவைத்த இடங்களில் துருத் தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடிக்கிறார்களா என்று மேலே ஏறிப் பாருங்கள். கீழிருந்து பார்த்தால் எல்லாம் பூசியதாகத்தான் தெரியும். கடலோரம் என்றால் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். அங்கே மரம்தான் நல்லது.

ரீப்பர் இடைவெளி பொதுவாக 32 செ.மீ. என்பார்கள். அதை மனப்பாடமாக அடிக்க விடாதீர்கள். ஓடு வந்து இறங்கிய பிறகு, பத்து ஓட்டை நீளவாக்கில் பூட்டிக் கிடத்தி அளந்து, அந்த அளவுக்குத்தான் ரீப்பர் அடிக்க வேண்டும். இறவாணத்தில் வரும் கடைசி ரீப்பர் மற்றவற்றைவிட ஓட்டுக் கனம் அளவு உயர்ந்திருக்க வேண்டும். அதன் முதல் வரிசை ஓட்டுக்குக் கீழே தாங்க வேறு ஓடு கிடையாதே.

மழையில் ஒழுகுகிறது. எங்கே பார்ப்பது?

சொட்டும் இடத்துக்கு நேர்மேலே பார்க்காதீர்கள். நீர் ரீப்பர் வழியே ஊர்ந்து வேறிடத்தில் விழும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளிருந்து மேலே பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடம் சறுக்கிய ஓடு. அது இல்லையென்றால் இரண்டு சரிவுகள் உள்நோக்கிக் கூடும் மூலை, அதாவது கூடல்வாய். வேப்பிலையும் புளியஞ்சருகும் அங்கேதான் சேரும். அடியில் உள்ள தகரம் முதலில் துருப்பிடிப்பதும் அங்கேதான். மூன்றாவது, கூரை சுவரோடு ஒட்டும் இடம். நான்காவது முகடு, அங்கே பூசிய காரை வெயிலில் வெடித்திருக்கும்.

ஓட்டு இடுக்குகளில் சிமென்ட் குழைத்து அப்புவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அந்த ஆண்டு நிற்கும். அடுத்த ஆண்டு ஓடு வெயிலில் விரிந்து சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். பிறகு ஓர் ஓட்டை மாற்றக் கை வைத்தால் நாலு ஓடு சேர்ந்து உடையும்.

ஆண்டுதோறும் ஏதாவது செய்ய வேண்டுமா?

நாட்டு ஓட்டுக்கு ஆம். குரங்கும் காற்றும் பூனையும் கலைத்ததை எடுத்து அடுக்கி, உடைந்ததை மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் மழை என்பதால் புரட்டாசிக்குள் முடித்துவிடுவார்கள். தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் சாரல் ஆனியிலேயே வந்துவிடும். அவர்களுக்கு வைகாசி கெடு. மங்களூர் ஓட்டுக்கு அவ்வளவு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை சருகைக் கூட்டி, சறுக்கியதைத் தள்ளிவிட்டால் போதும். அரை நாள் வேலை.

ஏறுகிறவர் ஓட்டின் நடுவில் மிதிக்கக் கூடாது. ரீப்பர் இருக்கும் இடம் பார்த்து, இரு ஓடுகள் ஏறிக் கிடக்கும் பகுதியில் கால் வைக்க வேண்டும். பலகை போட்டு நடப்பது இன்னும் நல்லது. பாசி பிடித்த ஓட்டில் மழைக்காலத்தில் யாரையும் ஏற்றாதீர்கள். பாசியைக் கோடையில் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தால் உதிரும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம். அது ஓட்டின் மேல்தோலையும் சேர்த்து எடுத்துவிடும்.

புயலில் பறந்துவிடாதா?

பறக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையேறியபோது, தென்னைகளோடு ஓட்டுக் கூரைகளும் போயின. அதற்கு முன் 2011 டிசம்பர் 30-இல் தானே புயலில் கடலூரும் புதுச்சேரியும் இதைப் பார்த்தன. காற்று ஓட்டைத் தள்ளுவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. இறவாணம், முகடு, இரு பக்க ஓரங்கள் ஆகிய இடங்களில்தான் உறிஞ்சல் மிகுதி. ஓர் ஓடு எழுந்ததும் காற்று உள்ளே புகுந்து மற்றவற்றைக் கீழிருந்து தூக்கும்.

மங்களூர் ஓட்டின் அடியில் மூக்குக்கு அருகே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அது கம்பி கோத்து ரீப்பரோடு கட்டத்தான். கடலோர மாவட்டங்களில் எல்லா ஓட்டையும் கட்ட முடியாவிட்டாலும், ஓரத்தில் இரண்டு மூன்று வரிசைகளையாவது துருப்பிடிக்காத கம்பியால் கட்டிவிடுங்கள். கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைப்பது அதைவிட முக்கியம். இறவாணத்தை மூன்றடி நான்கடி நீட்டுவது அழகுதான். புயல் வரும் ஊரில் அது காற்றுக்குக் கொடுக்கும் கைப்பிடி.

குரங்குத் தொல்லைக்கு என்ன வழி?

வழி இல்லை. ஓட்டைக் கட்டி வைத்தால் கம்பியை அவிழ்க்க அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

ஓட்டைப் பிரித்துத் திருடன் இறங்குவான் என்கிறார்களே?

'ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி' என்ற தொடர் இல்லாமல் மாவட்டச் செய்திப் பக்கம் நிறைவடைவதில்லை. பயம் நியாயமானது. பணம், நகை வைக்கும் ஓர் அறைக்கு மட்டும் ரீப்பருக்குக் கீழே இரும்புக் கம்பி வலையைச் சட்டத்தோடு பற்றவைத்துவிடுங்கள். வீடு முழுவதும் போடத் தேவையில்லை. அந்த வலை பாம்பையும் எலியையும் தடுக்குமா என்று கேட்பீர்கள். சிறு கண்ணியாக இருந்தால் பெரும்பாலும் தடுக்கும். தூசியையும் பல்லியையும் தடுக்காது.

குளிர்சாதனம் வைக்க முடியுமா?

திறந்த ஓட்டுக்குக் கீழே வைத்தால் ஊருக்கே குளிரூட்டலாம். உள்கூரை அடித்து இடுக்குகளை மூடிய அறைக்கு மட்டும்தான் பொருந்தும். மூடும்போது உள்கூரைக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று போக வழி விடுங்கள். இல்லையென்றால் மரம் புழுங்கி உளுக்கும்.

கான்கிரீட் தளத்தைச் சாய்வாகப் போட்டு மேலே ஓடு ஒட்டலாமா?

இப்போது பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள், 'ஓட்டு வீடு' என்று பெயரும் வைக்கிறார்கள். சாய்வுத் தளத்தின் மேல் சிமென்ட் கலவையால் ஓட்டைப் பதித்தால் அது தளத்துக்குப் போட்ட சட்டை. கான்கிரீட்டின் சூடு அப்படியே இருக்கும், ஓட்டின் செலவும் சேரும், இடுக்குக் காற்று இருக்காது. தளம் போட்டே தீர வேண்டுமானால், அதன்மேல் ரீப்பர் வைத்து ஓட்டை மாட்டுங்கள். நடுவில் காற்று ஓடும்.

இதைவிட நல்ல சேர்க்கை ஒன்று உண்டு. கேரளத்தில் வாழ்ந்து பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைப் பரவலாக்கினார். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதி இழுவிசையில் இருக்கிறது. அங்கே வேலை செய்வது கம்பி, கான்கிரீட் சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா கிடக்கும் இடத்தில், கம்பிச் சட்டங்களுக்கு நடுவே இரண்டு இரண்டாக மங்களூர் ஓட்டை வைத்துவிட்டுக் கான்கிரீட் ஊற்றுவது. சிமென்ட் மிச்சம், எடை குறைவு, ஓட்டுக்குள் அடைபட்ட காற்றால் சூடும் குறைவு. கீழிருந்து பார்த்தால் ஓட்டின் வரிகளே அலங்காரம்; பூச்சு வேண்டாம். மாடி கட்ட நினைப்பவர்கள் ஓட்டுக் கூரையை மறந்துவிட்டு இதற்குப் போகலாம்.

ஓட்டுக்கு வண்ணம் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். ஈரம் உள்ளிருந்து வெளியேற முடியாமல் வண்ணம் சில ஆண்டுகளில் தோலுரியும், பிறகு விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மண் கறுப்பது வயது.

கண்ணாடி ஓடு எத்தனை போடுவது?

அறைக்கு ஒன்று, பெரிய கூடத்துக்கு இரண்டு. வெளிச்சத்தோடு வெயிலும் இறங்கும் என்பதால் வடக்குச் சரிவில் போடுங்கள்.

ஆத்தங்குடி ஓட்டைக் கூரைக்குப் போடலாமா?

முடியாது. அது தரைக்கு. கண்ணாடியின்மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி வார்ப்பது, சூளையையே பார்க்காதது. அதேபோல் தட்டோடு என்று கேட்டால் கிடைக்கும் சதுர ஓடு மொட்டை மாடியில் சுருக்கிக் கலவையின் (இடித்த செங்கல், ஓட்டுத் தூள் சேர்த்த சுண்ணாம்புக் கலவையின்) மேல் பதிப்பதற்கு. கடையில் இந்த மூன்றையும் 'ஓடு' என்றே சொல்வார்கள். தொலைபேசியில் விலை கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் மலிவாயிற்றே?

முதல் நாள் மலிவு. தகரத்தின் கீழ் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வெயிலில் இருக்க முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலில் புகுந்தால் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்பதால் பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. உங்களிடம் பழைய ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதை அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். மாற்றும்போது நனைத்து, முழுத் தகடாகவே இறக்கச் சொல்லுங்கள்.

பழைய ஓடு வாங்கலாமா?

தாராளமாக. இடிக்கும் வீடுகளிலிருந்து இறங்கும் ஓடு பல நேரம் புதியதைவிட உறுதியானது. எத்தனையோ மழை வெயிலில் தேர்வு எழுதிப் பிழைத்தவை அவை. சுண்ணாம்புப் புள்ளி இருந்திருந்தால் அன்றே வெடித்திருக்கும். பல ஓட்டுத் தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. கேரளத்தில் 2008-இன் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வயலில் களிமண் எடுப்பதும் எளிதாக இல்லை. ஆகவே பழைய ஓட்டுக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. மூக்கு உடையாததா, ஒரே அச்சா என்று மட்டும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. சில ஓடுகளின் முதுகில் பேசல் மிஷன் என்ற பெயரோடு 1865 என்ற எண் பொறித்திருக்கும். அது அந்தத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு சுட்ட ஆண்டு அல்ல. நூற்றைம்பது வயது ஓடு என்று சொல்லித் தொல்பொருள் விலை கேட்பவரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், விலை இறங்கும்.

உடைந்த ஓட்டை என்ன செய்வது?

இடித்துச் சலித்தால் சுருக்கி. சுண்ணாம்புக் கலவையில் சேர்க்கலாம். பெரிய துண்டுகளைச் செடித்தொட்டியின் அடியில் போடலாம், தண்ணீர் தேங்காது. எங்கள் வீட்டுக் கூரை இறங்கியபோது குவிந்த குவியலைக் கொட்ட வண்டி பேசியிருந்தேன். வண்டி வருவதற்குள் தெருப் பிள்ளைகள் வந்து, தட்டையாகவும் விளிம்பு வழுவழுப்பாகவும் இருந்த ஓட்டாஞ்சில்லுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போய், வாசலில் பாண்டிக்குக் கட்டம் போட்டுவிட்டார்கள்.